வார் இல்லாமல் நிற்க வேண்டும்

வாரைத் தலைக்குப் போடாதீங்க,
முகத்தில் வைத்து
மூக்கால் ஒரு இழுப்பு இழுங்க என்றார் திரவியராஜ்.
கையை எடுத்தால் விழக் கூடாது.
விழாதது உங்களுடையது.

முதல் கண்ணாடி விழுந்தது.
இரண்டாவதை இருளாயி பிடித்தாள்.
எந்த ஊர் மூக்குக்கோ வார்த்த ரப்பர்
என் கன்ன எலும்பு வரை வந்து
விலாசம் தப்பிய தபால்போலத் திரும்பியது.
ஆறாவது நின்றது.
மண்டபம் ரயிலடிக்கு எதிரே, பட்டப்பகலில்,
கண்ணாடி ஒட்டிய முகத்தோடு
கைகளைத் தொங்கவிட்டு நின்றேன்.
மூச்சு விட்டால் கழன்றுவிடும்.
ஆட்டோக்காரர் ஒருவர் ஹாரன் அடித்தார்.

பத்தொன்பது வருஷம் பாசி எடுத்த கால்கள்.
அலுமினியத் தட்டில் துளை போட்டு
சைக்கிள் டியூபால் பாதத்தில் கட்டினால்
அதுதான் துடுப்பு.
அந்தத் தட்டில் சாப்பிட்டதுண்டா என்று கேட்டார்.
உண்டு.
கடைத் துடுப்பு ஜோடி நாலாயிரத்து இருநூறு என்றதும்
நாகஜோதி கேட்டாள்:
இதில் சாப்பிடலாமா?

பணம் வந்தது பாரில் கிடந்த வலையிலிருந்து.
அறுந்துபோன தங்கூசி வலை,
சொந்தக்காரன் மறந்த பிறகும்
பிடித்துக்கொண்டே இருக்கும் வலை.
ஓரா, கிளாத்தி,
ஒருமுறை உள்ளங்கை அளவு ஆமை.
மூச்சடக்கி அறுத்துக் கரை சேர்த்தோம்,
கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.
பதினெட்டு நாள் பயிற்சியும் கொடுத்தார்கள்.
சான்றிதழில் ராக்கம்மாள் ஆகிய நான்
ராஜம்மாள்.

இடுப்புக் கனத்துக்கு ஈயக்கட்டி காட்டினார்.
இருக்கிறது என்றேன்.
அறுத்த வலைகளின் ஈயக்குண்டு ஏழு கிலோ
சாக்குத் துணியில் தைத்து வைத்திருக்கிறோம்.

மற்றதெல்லாம் பொது, கண்ணாடி மட்டும் ஆளுக்கொன்று.
ஐந்து முகத்தை ஒரே ரப்பரில் அடைக்க முடியாது.
அங்கேதான் கணக்கு உதைத்தது.
ரெகுலேட்டருக்குப் பதினோராயிரம் குறைந்தது.

பின்கட்டிலிருந்து ஒன்று கொண்டுவந்தார்.
ஒரு கை மாறியது, பாதி விலை,
உள் வளையமெல்லாம் மாற்றித் தருகிறேன்.
வாய்க்கட்டையை முகர்ந்தேன்.
எந்தச் சோப்புப் போட்டாலும் எனக்குத் தெரியும்:
வேகவைத்த கடலட்டை.
என் கொழுந்தன் பிடிபட்ட இரவு
அவன் சட்டையில் அடித்த அதே நாற்றம்.

வேண்டாம் என்றேன்.
குழாய் என்ன பாவம் செய்தது என்றாள் இருளாயி.
இந்தப் பணம் அவனுக்குத்தானே போகும் என்றேன்.
போகட்டும், குழாய் இல்லாமல் எப்படி முங்குவான்
என்றாள் ஜெபமேரி.
இன்னொன்று வாங்குவான் என்றாள் நாகஜோதி.
திரவியராஜ் கால்குலேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.
கை தூக்கினோம்.
பஞ்சவர்ணம் கடைசியாகத் தூக்கினாள்.
மூன்றுக்கு இரண்டு.
நான் இரண்டில்.

பெட்டிக்குள் பை, பைக்குள் பை,
அதற்குள் குமிழ் குமிழாய் ஒரு தாள்.
இருளாயி எல்லாவற்றையும் உருவி மேசைமேல் குவித்தாள்.
இதை நாங்க இன்னைக்கு எடுத்துட்டுப் போனா
அடுத்த வாரம் கடலுக்குள்ளேருந்து
நாங்கதான் எடுக்கணும்.

குந்துகாலுக்குத் தெற்கே,
கச்சான் அடங்கிய ஒரு காலையில்
எட்டு மீட்டர் ஆழத்தில் முழங்காலிட்டேன்.
பத்தொன்பது வருஷமும்
ஒரு மூச்சு நேரத்துக்கு மேல்
இங்கே என்னை யாரும் இருக்க விட்டதில்லை.
வலை, பாரின் விரல்களுக்கிடையே
சிக்கெடுக்காத தலைமுடியாய்க் கிடந்தது.
அறுக்க அறுக்க என் குமிழிகள் மேலே போயின,
அத்தனை சத்தம், எனக்கே வெட்கமாக இருந்தது.

வலை ஓரத்து மணலில் ஒரு அட்டை.
மண்ணைத் தின்று மண்ணை விட்டு
தன்பாட்டில் நகர்ந்துகொண்டிருந்தது.
என் வாயிலிருந்த குழாயை
அதற்கு அடையாளம் தெரியவில்லை.
எனக்குத் தெரிந்தது.
பல்லை இறுக்கிக்கொண்டு
அடுத்த முடிச்சுக்குப் போனேன்.

மேலே வள்ளத்தின் பக்கத்தில்
இரண்டு தட்டு.
என் நேரம் முடிந்தது.
ஜெபமேரி கண்ணாடிக்குள் எச்சில் தடவித்
தயாராக இருப்பாள்.