ஸ்டேஜ் பட்டியல்

சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே
பூட்டாத கழிப்பறை ஆறு.
ஏழாவது, செக்போஸ்ட்டுக்குப் பின்னால்.
தாழ்ப்பாள் கிடையாது,
ஒரு காலால் கதவை முட்டுக்கொடுக்க வேண்டும்.
இருபது கொண்டை ஊசி வளைவில்
எதில் வயிறு கூப்பிடும் என்று தெரியாது.
பையில் டிக்கெட் மிஷினோடு
ஒரு மாற்று உள்ளாடை.

டிரிப் ஷீட்டின் பின்பக்கம் பென்சில் கோடுகள்:
இன்று இதுவரை எட்டு. ரத்தம், மூன்றில்.
டாக்டர் நஸீமா கேட்பது இந்தக் கணக்கு.
டெப்போவில் கேட்பது முன்பக்கக் கணக்கு.

கஞ்சமலை என்னைவிடப் பதினோரு நிமிடம் மூத்தவன்.
ஒரே கரு, இரண்டாய்ப் பிரிந்தது.
இரும்பாலை ஷிஃப்ட் முடித்து
நடுராத்திரி பரோட்டாவைச் சால்னாவில் முக்கித் தின்றுவிட்டுக்
குறட்டை விடுகிறான்.
நான் குழைந்த சோற்றுக்கு மோரைக்கூடப் பயந்து ஊற்றுகிறேன்.

"எழுத்து ஒன்றுதானே டாக்டர்,
அவனுக்கு ஏன் இல்லை?"

உருளைகளில் சுற்றிய ஒரு நூலை வரைந்தார்.
நூலின் மேல் புள்ளிகள்.
ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான்.
எழுத்தை மாற்றாது.
படிக்க வருகிறவனைத் தடுக்கும்.

எனக்குப் புரிந்தது என் வழியில்:
ஸ்டேஜ் பட்டியலில் ஊர் இருக்கிறது,
கட்டணமும் இருக்கிறது.
மேலே எவனோ காகிதம் ஒட்டிவிட்டான்,
இங்கே நிற்காது என்று.

குடலின் காவல் அணுக்களில் ஒரு வகை உண்டாம்,
அடிப்பதற்கு அல்ல,
அடிக்கிறவர்களிடம் போதும் என்று சொல்வதற்கு.
அந்தப் போதும் எனக்குள்ளும் எழுதியிருக்கிறது,
கஞ்சமலைக்கு எழுதிய அதே எழுத்தில்.
என் வண்டி அங்கே நிற்பதில்லை.
நாற்பது வருடம் கூடக் குடியிருந்த கிருமியையும்
அதற்கு இடம் கொடுத்த சுவரையும்
டிக்கெட் எடுக்காதவர்கள் என்று
என் ஆட்களே நடுவழியில் இறக்கிவிடுகிறார்கள்.

யார் ஒட்டியது? எப்போது?
ஒன்பது வயதில் எனக்கு மட்டும் வந்த டைபாய்டா,
அதற்குத் தந்த மாத்திரையா,
டெப்போ மாடிப்படியில் இழுத்த பீடியா,
இல்லை, விட்ட பீடியா?
டாக்டர் பேனாவை மூடினார். "தெரியாது" என்றார்.
அந்தச் சொல்லிலிருந்துதான் அவரை நம்புகிறேன்.

"உரிக்க முடியுமா?"
"சிலதை. எதை என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்."

நேற்று ஆராய்ச்சிக்கு இருவரிடமும் ரத்தம் எடுத்தார்கள்.
கஞ்சமலை ஊசியைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தான்.
நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
குழாய்களில் பெயர் ஒட்டிய நர்ஸ்
ஸ்டீராய்டில் உப்பிய என் முகத்தைப் பார்த்துச்
"சித்தேசன்" என்றார், சரியாக.
பிறந்ததிலிருந்து எங்களை யாரும்
இவ்வளவு சுலபமாய்ப் பிரித்ததில்லை.

இன்று கடைசி டிரிப், இறக்கம்.
பதிமூன்றாவது வளைவில் நான் கம்பியைப் பிடித்த விதத்தைக்
கண்ணாடியில் பார்த்திருப்பார் சூசைமாணிக்கம்.
நான் விசில் கொடுக்கவில்லை.
பட்டியலில் இல்லாத இடத்தில் வண்டி நின்றது.
"பிரேக் சூடாயிடுச்சு, அஞ்சு நிமிஷம்!"
பயணிகள் இறங்கிக் குரங்குகளுக்குக் கடலை வீசினார்கள்.
தண்ணீர் பாட்டிலோடு நான் புதருக்குள் இறங்கினேன்.

திரும்பி வந்து
பின்பக்கத்தில் ஒன்பதாவது கோட்டைப் போட்டேன்.
முன்பக்கத்தில்
அந்த நிறுத்தத்தை எழுதவில்லை.