நூற்றிருபது சென்டிமீட்டர்

தடைக்காலம் முடிய ஒன்பது நாள்.
அதற்குள் போய்வந்துவிட வேண்டும்,
படகு இறங்கிவிட்டால் இவர் கிடைக்கமாட்டார்.

ரயிலா பஸ்ஸா, அதுவே இன்னும் முடியவில்லை.
ஜெனிஸ்டன் கதவு நிலையில் முதுகை ஒட்டி நிற்கிறான்.
பெரிய ராட்டினத்துக்கு நூற்றிருபது வேண்டுமாம்.
வலைக்கு அளக்கும் டேப்பில் நூற்றுப் பத்தொன்பது.
"குதிகாலைக் கீழ வை."
வைக்கிறான்.
நூற்றுப் பதினாலு.

ஜெர்லினுக்கு எதிலும் ஏற உயரமிருக்கிறது,
எங்களோடு வரத்தான் மனமில்லை.
கைக்குழந்தைக்கு டிக்கெட் கிடையாது, தூக்கம் உண்டு:
பன்னிரண்டு மணிக்கு, எங்கிருந்தாலும்.

"அங்க அலை எப்பப்பா வரும்?"
"மூணு மணிக்குப் போடுவாங்க. அரை மணி நேரம்."
சொல்லிவிட்டு இவர் ஏனோ
வெளியே பார்த்தார்.
தங்கச்சிமடத்துக் கடல்
அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

ஜெனிஸ்டன் இன்னும் நிலையை விட்டு நகரவில்லை.
ஒன்பது நாள் இருக்கிறதாம்.