பள்ளம் தூர்ப்பவள்

தாம்பெரே நகரில், ஏரிக்கு முதுகு காட்டி நிற்கும் கட்டடத்தில்
மூன்றாம் மாடி என்னுடையது.
இரண்டாம் மாடி ஹில்க்கா ரவுத்தியோ
கதவிடுக்கில் செருகிவிட்டுப் போன சீட்டு:
"இரவு பத்துக்கு மேல் உங்கள் டிவி கத்துகிறது.
கால் மணிக்கு ஒருமுறை. தயவுசெய்து."
தயவுசெய்துவின் கீழே இரண்டு கோடுகள்.

நான் ஒலிக்கலவை செய்பவள்.
சத்தம் என் சம்பளம்.
ரோஷம் வந்துவிட்டது.
ஸ்டூடியோவிலிருந்து மீட்டரை எடுத்துவந்து
சோபாவில் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

நாடகத்தில் ஒரு கணவன், ஒரு மனைவி,
நடுவில் ஆறிப்போன காபி.
நான்கு நிமிடமாக யாரும் பேசவில்லை.
எங்கள் ஊரில் இதைக் காதல் காட்சி என்பார்கள்.
பிறகு அவன் கதவை அறைகிறான்.
முள் துள்ளி உச்சக்கோட்டைத் தொட்டு
சுட்டுக்கொண்டதுபோல் விழுகிறது.

பிறகு சாசேஜ் விளம்பரம்.
முள் அதே கோட்டைத் தொடுகிறது.
மயிரிழைகூட மேலே இல்லை.
ஆனால் விழவில்லை.
ஜன்னல் சீட் கிடைத்தவன்போல
அங்கேயே இருக்கிறது, இறங்கும் எண்ணமில்லாமல்.

மீட்டரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கீழே போனேன்.
கம்பளிக் காலுறையோடு வாசலில் நின்றாள் ஹில்க்கா.
பாருங்கள், என்றேன்,
கதவு அறைவதும் சாசேஜும் ஒரே உயரம்.
வித்தியாசம் பள்ளத்தில்.
நாடகத்தில் பள்ளம் உண்டு: கிசுகிசுப்பு, கரண்டி, பனிமேல் காலடி.
விளம்பரத்தில் அதையெல்லாம் தூர்த்துவிடுவார்கள்.
கிசுகிசுப்பைப் பிடித்துத் தூக்கி,
எண்ணெயின் சீறலைத் தூக்கி,
எல்லோரையும் கூரையில் தலை இடிக்க நிறுத்தி,
குழந்தை அழுதால் காது எங்கே விழிக்குமோ
அந்த இடத்தில் மட்டும் ஒரு சிட்டிகை கூடுதல்.
உச்சத்தைவிட்டுச் சராசரியை அளக்க விதி வந்தது.
சராசரிக்குள்ளேயே நெருக்கியடித்துக் குடியேறினோம்.

"குடியேறினோமா?" என்றாள் ஹில்க்கா.

அந்த சாசேஜ் என் கைவேலை.
எண்ணெய்கூட எண்ணெய் அல்ல,
ஈரத் துணியில் நான் அழுத்திய இஸ்திரிப்பெட்டி.
சொல்லவில்லை. மீட்டரைத் துடைப்பதுபோல் துடைத்தேன்.

அவள் மேலே பார்த்தாள்.
"எனக்கு உயரம் கிடையாது, ஒரு காங்கிரீட் தளம்தான்.
அதைத் தாண்டி வருவது மூன்று:
சாசேஜ், மெத்தை, உடனடிக் கடன்.
மூன்று குளிர்காலமாக நினைத்திருந்தேன்
மேலே இருப்பவர் விளம்பரம் மட்டுமே பார்ப்பவர் என்று.
நடுவில் ஏதோ நாடகம் வேறு ஓடுகிறதா?"

படியேறி வந்தேன்.
போன மார்ச்சில் எய்ரிக் தன் பனிச்சறுக்குக் கட்டைகளோடு
கிளம்பிப் போன இரவில்
துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதேன்,
அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கூடாதென்று.
அன்றைக்கும் அவளுக்குக் கேட்டிருக்கும்:
மெத்தை. நாற்பது சதவீதத் தள்ளுபடி.

மறுநாள் ஸ்டூடியோவில் அதே மெத்தைக்குப் புதுக் குரல்.
"நிம்மதியாக" என்று சொல்வதற்குமுன்
குரல்காரர் கலேர்வோ இழுத்த மூச்சு.
மூச்சுக்குப் பின்னால் அரை நொடி, ஒன்றுமே இல்லை.
நல்ல பள்ளம். அரை ஆள் படுக்கலாம்.
தூர்க்காமல் விட்டேன்.

வாடிக்கையாளர் ஹெட்போனைக் கழற்றி
இரண்டு தட்டு தட்டினார்.
"இந்த இடத்தில் ஏதோ அறுந்துவிட்டதே?"
இல்லை, என்றேன். ஓய்வு.
"அதற்கும் சேர்த்தா காசு கட்டியிருக்கிறேன்?"

தூர்த்துவிட்டேன்.

இப்போதெல்லாம் பத்து மணிக்கு மேல்
ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்க்கிறேன்.
அந்தக் கணவன் திரும்பி வந்துவிட்டான்,
மறுபடி யாரும் பேசவில்லை.
விளம்பரம் வரும்போது என் காது மட்டும் அதிர்கிறது.
சீட்டு எதுவும் வருவதில்லை.
ஹில்க்காவின் தலைக்கு மேல்
இப்போது யாரும் குடியில்லை.