மாசியில் ஒரு மழை

மாசி பிறந்து பத்தாம் நாள்
கீழவளவில் கொட்டியது மழை.
யாரும் அதை நம்பவில்லை,
தவளைகளைத் தவிர.
லாரிகள் விட்டுப்போன பள்ளத்தில்
இரவெல்லாம் கல்யாணச் சத்தம்.

பங்குனி வெயிலில் தண்ணீர் சாணளவு,
பிறகு விரலளவு.
வால் மட்டும் முளைத்த கறுப்புப் புள்ளிகள்
கால் முளைக்க இன்னும் ஒரு வாரம் கேட்டன.

மூடிய குவாரிக்குக் காவலிருக்கும் வீரணன்
பெயின்ட் வாளியில் அள்ளிப்போய்
கல்வெட்டிய கிடங்கில் விட்டான்.
அங்கே ஆழம் உண்டு.
ஜிலேபிக் கெண்டையும் உண்டு.
விட்ட இடத்தில் நீர் கொதிப்பதுபோல் குமிழ்ந்தது,
கொஞ்ச நேரம்.

ஐப்பசியில் அடைமழை.
தகரக் கூரை மட்டும் கத்துகிறது.

இந்த வருசம் கொசு ஏன் இவ்வளவு என்கிறாள்
மருந்தடிக்க வந்த பெண்.
வீரணன் எழுந்துபோய்
வாளியைக் கவிழ்த்து வைக்கிறான்.