திங்கட்கிழமை பாட்டில்

கெலவரப்பள்ளி மதகுக்குக் கீழே
விடியலில் பிடித்த நுரை.
மூடியில் தேதி, நேரம்,
நீல மையில் என் கையெழுத்து.

ஓசூரில் பஸ் ஏறும்போது பாதி.
சூளகிரி தாண்டியதும் கால்.
கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸ் வரிசையில்
டோக்கன் நூற்றுப் பதினாறு வருவதற்குள்
வெறும் தண்ணீர்.

"நுரை எங்கேம்மா?"

பன்னிரண்டு வாரத் தாள்களைப் பிரித்தேன்.
பிஎச், ஆக்சிஜன், நாற்றம்.
நாற்றத்துக்கு எங்களிடம் அளவுகோல் இல்லை;
அந்தக் கட்டத்தில்
நஞ்சம்மா எழுதியிருந்தாள்:
'மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போச்சு.'
அதைத்தான் இரண்டுமுறை வாசித்தார்.

குலுக்கிப் பாருங்க சார், என்றேன்.
குலுக்கினார்.
மூடியைச் சரியாகத் திருகாதது
என் தப்புதான்.

மனு ரசீதில் இன்னும் இருக்கிறது
அந்த ஈரவட்டம்.

இந்த வாரம் பாட்டில் கழுவ
தட்டிகானப்பள்ளியிலிருந்து ஏழு பேர்.
ஒருத்தி மாட்டையும் ஓட்டிவந்தாள்.