முக்காற்புள்ளி, சமக்குறி

தரமணி, நாலாவது மாடி, இரவு ஒன்பதே கால்.
ஆறு கோடியே பத்து லட்சம் வரிசைகள்.
தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு, எத்தனை மணிக்கு,
எத்தனை லிட்டர்.

அதில் ஒரேயொரு எண்ணைத் திருத்தச் சொன்னால்
இந்த ஆர் மொழி என்ன செய்யும் தெரியுமா?
பியூஸ் போன பல்பை மாற்ற
பக்கத்து மனையில் அதே அச்சில் இன்னொரு வீடு கட்டும்.
சுவரில் பல்லி இருந்த இடத்தில் பல்லியைக்கூட வைக்கும்.
பிறகு அங்கே புது பல்பை மாட்டி
சட்டி பானையோடு குடிபோகும்.
பழையதை இடிக்க ஆள் வரும்வரை
இரண்டும் நின்றாக வேண்டும்.
என்னிடம் இருந்ததோ ஒரே கிரவுண்டு.

மூன்றாம் முறை திரை உறைந்தபோது
கில்பர்ட் நாற்காலியோடு உருண்டு வந்தான்.
"எதுக்குக் கட்டிக்கிட்டே இருக்க?
இருக்கிற வீட்லயே ஏணி போடு."
ஒரு முக்காற்புள்ளி, அதை ஒட்டி ஒரு சமக்குறி.
அவ்வளவுதான்.
நினைவகப் பட்டை அசையக்கூட இல்லை.
மிச்சமிருந்த மிக்சரைப் பங்கு போட்டுவிட்டுக் கிளம்பினான்.

நான் ஜாக்கிரதைக்காரி.
அசல் என்று ஒரு பெயர், வேலை என்று ஒரு பெயர்,
நடுவில் இடப்பக்கம் பார்க்கும் ஓர் அம்பு.
அசல் பத்திரம் என்ற தைரியத்தில்
வேலையில் கை வைத்தேன்.
பூஜ்யம் லிட்டரெல்லாம் பதிவுப் பிழை என்று
அந்தந்தத் தெருவின் சராசரியை ஊற்றி நிரப்பினேன்.
திரை ஒன்றும் சொல்லவில்லை.
இந்த வழியில் போனால் அது எதுவும் சொல்லாது.

பதினொன்றரைக்கு அசலைத் திறந்தேன்.
அதிலும்
ஒரு பூஜ்யம் இல்லை.

மவுண்ட் ரோடு என்றாலும் அண்ணா சாலை என்றாலும்
வண்டி இறங்குவது ஒரே பள்ளத்தில்தானே.
ஒரு பெயரில் தோண்டிவிட்டு
மற்றப் பெயரில் தார் வழுவழுவென்று கிடக்கும் என்று
எந்த ஆட்டோக்காரர் நம்புவார்?
பெயர்தான் வைத்திருக்கிறேன்.
நகல் எடுக்கவே இல்லை.

ஏதோ தோன்றி எங்கள் தெருவைத் தேடினேன்.
மே மாதம் ஒன்பது நாள் லாரி வரவில்லை.
எனக்கு நன்றாக ஞாபகம்,
குடிக்க வாங்கிய கேனில் தலைக்கு ஊற்றிக்கொண்டு
ஆபீஸ் வந்த வாரம் அது.
இப்போது அந்த ஒன்பது நாளும்
நாளுக்கு எட்டாயிரத்து நானூறு லிட்டர்
எங்கள் வாசலில் வந்து இறங்கியிருக்கிறது.
நேரம்கூடக் குறித்திருக்கிறது, காலை ஆறு பத்து.

மூலக் கோப்பு கில்பர்ட்டின் வட்டில் இருக்கும்.
காலையில் கேட்டால் தருவான், கேலி செய்தபடி.
நாற்பது நிமிடத்தில் பூஜ்யங்கள் திரும்பிவிடும்.

கணினியை அணைக்காமல் எழுந்தேன்.
இன்றிரவு மட்டும் வந்ததாகவே இருக்கட்டும்.

வீட்டில், வாளியில்
இரண்டு விரற்கடை.