ஒரு நூல் விலகிய நீலம்

மெதெயின் நகரில், ஆலையின் மூன்றாம் மேசையில்,
என் வேலை உறை போடுவது.
இசைத்தட்டை விளிம்பில் மட்டும் பிடித்து
முதலில் காகிதத்துக்குள், பிறகு அட்டைக்குள்.
ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு.
என் வீட்டில் தட்டு சுழற்றும் பெட்டி கிடையாது.
ஆகவே பாட்டுகளை எனக்கு
முகம் பார்த்துத்தான் தெரியும்,
அடுத்த தெருக்காரர்களைத் தெரிவதுபோல:
பெயர் தெரியாது, குரல் தெரியாது,
யார் வீட்டில் சண்டை என்று மட்டும் தெரியும்.

பொலேரோ பாடுகிறவர்கள் பக்கவாட்டில் பார்ப்பார்கள்.
ஊதுகுழல் குழுக்காரர்களுக்கு வாடகைக் கோட்டு,
தோளில் தூக்கி நிற்கும்.
முகங்கள் பொய்யும் சொல்லும்.
பாயும் குதிரை போட்ட ஒன்றை
கல்யாண ஆட்டம் என்றே நினைத்திருந்தேன்;
அது இறந்தவர்களுக்கான பூசை.

அந்த மழைமாதம் வந்த அட்டையில்
மொட்டைமாடி. கொடி. ஒரே ஒரு நீலச் சட்டை.
வரைந்தவர் அர்னுல்ஃபோ கிசெனோ.
கறுப்பு மையில் அவர் போட்ட கோடு ஓரிடம்,
அச்சகம் ஏற்றிய நீலம் வேறிடம்.
ஒரு நூல்தான். கொத்தனார் கணக்கில் ஒரு நூல்.
ஆனால் சட்டை தன் கோட்டைவிட்டுக் கிளம்பிப்
பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.
கிளிப்பு வெறுங்கோட்டைக் கவ்வியிருந்தது.

எண்ணூறு அட்டை.
கிசெனோ வந்தார். ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.
தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.
"இது என் சட்டை இல்லை" என்றார்.
மேலாளருக்கோ அட்டைக் கடனே கழுத்துவரை.
போடுங்கள், விற்கும், என்றார்.
போட்டேன்.

டிசம்பருக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை
பல் பிடுங்கிக்கொண்டு திரும்பும் வழியில்,
வாயில் பஞ்சு, பாதிக் கன்னம் மரத்து,
பேருந்து நிற்கும் மூலையில்
செருப்புக்கடை ஒலிபெருக்கியில் ஓர் அக்கார்டியன்.
அதன் கீழே முரசு விழுந்தது.
விழுந்த பிறகு,
விழுந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டு,
மெல்ல வந்தது பேஸ் கிதார்.

எனக்குத் தெரிந்துவிட்டது.
யாரும் சொல்லவில்லை. உறை கண்ணில் படவில்லை.
அது அந்தச் சட்டை.
கோட்டுக்கும் வண்ணத்துக்கும் நடுவே
வெள்ளையாய் விட்டுப்போன கீற்று
காதில் கேட்டது.
இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டேன்.

எண்ணூறும் தீர்ந்தன.
இரண்டாம் அச்சு சுத்தமாக வந்தது:
சட்டை கோட்டுக்குள், கிளிப்பு சட்டைமேல்,
ஒரு பிசிறு இல்லை.
உள்ளே அதே தட்டு, அதே பள்ளம்.
வாங்கியவர்கள் சிலர் திருப்பிக் கொண்டுவந்தார்களாம்,
பாட்டை யாரோ இழுத்து நேராக்கிவிட்டார்கள் என்று.
மேலாளர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பேஸ் வாசித்த எரிபெர்த்தோ ஒருநாள் நேரிலேயே வந்தார்,
தம்பி மகளுக்குப் பழைய அட்டையில் ஒன்று வேண்டும் என்று.
நகக்கண்ணில் எண்ணெய்; பகலில் லாரி பழுதுபார்ப்பவர்.
கேட்டேவிட்டேன்: ஏன் தாமதமாக வாசிக்கிறீர்கள்?
"நானா? நான் சரியான இடத்தில்தான் நிற்கிறேன், எதில்மா.
மற்ற ஐந்து பேருக்கும்தான் எங்கோ அவசரம்."

என்னிடம் ஒன்று இருந்தது.
மூலை நசுங்கியதென்று ஒதுக்கிய வெற்று உறை.
அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருந்தேன்.
தீர்ந்துவிட்டது என்று அவரிடம் பொய் சொன்னேன்.
பாவம், லாரியில் ஏறிப் போனார்.

காலையில் ஆலைச் சட்டை எடுக்கக்
கதவைத் திறந்தால் ஓர் அடி விழும்.
ஒரு கையை நுழைத்து
மறு கைக்கு வழி தேடும்போது
நீலம் வரும்.